வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் விசாரியுங்கள்: டெல்டா பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் படிப்பை முடித்த ஒரு பிள்ளையிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால், பெரும்பாலும் மூன்றில் ஒரு பதில்தான் வரும். குரூப் 4 படிக்கிறேன். மாமா சிங்கப்பூருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்குப் போய்ப் பார்க்கணும். மூன்றுமே நல்ல வழிகள்தான். ஆனால் அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடமாவது பேசினாயா என்று கேட்டால் பதில் இருக்காது. ஒரு கல்யாணம் என்றால் நாலு ஊரில் விசாரிக்கிறோம், ஜாதகம் பார்க்கிறோம், மாப்பிள்ளையின் பக்கத்து வீட்டுக்காரர் வரை போய்க் கேட்கிறோம். முப்பது வருஷம் பார்க்கப்போகும் வேலைக்கு அதில் பாதி விசாரிப்பு இருந்தாலே போதும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

படி 1: உங்கள் நிலையை ஒரு தாளில் எழுதுங்கள்

வீட்டுக்கு மாதம் எவ்வளவு தேவை, எந்த மாதத்திலிருந்து தேவை? கல்விக்கடன் தவணை எப்போது தொடங்குகிறது? நிலம் இருந்தால் நடவுக்கும் அறுவடைக்கும் யார் நிற்பார்கள்? எவ்வளவு தூரம் போய் வேலை பார்க்க முடியும்? இவற்றுக்கு விடை எழுதாமல் "எனக்கு எது பிடிக்கும்" என்று யோசிப்பதில் பயனில்லை.

பெண் பிள்ளைகள் ஒன்று கூடுதலாகச் செய்ய வேண்டும். ஹாஸ்டல், இரவு ஷிப்ட், வெளியூர் பற்றி வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். ஆர்டர் கையில் வந்த பிறகு பேச்சைத் தொடங்கினால், நல்ல வேலை கைநழுவிப் போகும்.

படி 2: மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுத்து, அதில் இருப்பவர்களிடம் பேசுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மூன்றில் ஒன்றாவது நம் பக்கத்திலேயே இருக்கிற வேலையாக இருக்கட்டும். நவீன அரிசி ஆலைகளுக்குத் தரம் பார்க்கவும், இயந்திரம் ஓட்டவும், கணக்கு எழுதவும் ஆள் வேண்டும். தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கே உணவு பதப்படுத்தலில் பயிற்சிகளும் உண்டு. ஐ.டி. நிறுவனங்களுக்கான டைடல் நியோ பூங்கா 2024-இல் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குத் திருச்சி பெல், பொன்மலை ரயில்வே பணிமனை போன்ற இடங்களில் தொழில் பழகுநர் பயிற்சி இருக்கிறது. அந்தப் பயிற்சி நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் தராது. ஆனால் உதவித்தொகையோடு கிடைக்கும் சான்றிதழ் பல கதவுகளைத் திறக்கும்.

யாரிடம் பேசுவது? உங்கள் கல்லூரியில் மூன்று, நான்கு வருஷம் முன்னால் படித்தவர்கள், தெருவில் லீவுக்கு வந்திருக்கும் அண்ணன், அக்கா, அப்பாவின் கூட்டாளி மகன். இருபது வருஷ அனுபவம் உள்ளவரைவிட, இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்தவர்தான் உங்களுக்குப் பயன்படுவார். சேர்ந்த கதை அவருக்கு இன்னும் மறந்திருக்காது. போனில் இப்படித் தொடங்கலாம்:

"அண்ணே வணக்கம். நான் மன்னார்குடிப் பக்கம், பி.எஸ்சி. முடிச்சிருக்கேன். உங்க சித்தப்பா நம்பர் கொடுத்தாங்க. வேலை கேட்டுப் போன் பண்ணலைண்ணே, உங்க வேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும். எப்ப கூப்பிட்டா உங்களுக்குத் தோதா இருக்கும்?"

வேலை கேட்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் இறுக்கம் இல்லாமல் பேசுவார். அப்புறம் கேட்க வேண்டியவை: காலையில் போனதும் முதலில் என்ன செய்வீங்க? புதுசா சேர்கிறவருக்கு எவ்வளவு கையில் வரும், மூணு வருஷம் கழிச்சு எவ்வளவு வரும்? உங்களோடு சேர்ந்தவங்களில் யார் விட்டுட்டுப் போனாங்க, ஏன்? இன்னைக்கு நீங்க புதுசா சேர்றதா இருந்தா எதைக் கத்துக்கிட்டு வருவீங்க? கடைசியில், "இன்னும் யார்கிட்ட பேசலாம்ணே?" என்று கேட்டு ஒரு பெயர் வாங்குங்கள்.

இதில் "யார் விட்டுட்டுப் போனாங்க" என்ற கேள்வியை விடவே கூடாது என்பேன். வேலையின் கஷ்டத்தை நேராகக் கேட்டால் சொல்லத் தயங்குபவர்கூட, விட்டுப் போனவரின் கதையைச் சொல்லும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

படி 3: பதிவுகளை முடியுங்கள்

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இணையத்திலேயே செய்யலாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேதியைப் போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை அதே அலுவலகம்தான் நடத்துகிறது. தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும், நௌக்ரி, லிங்க்ட்இன் தளங்களிலும் ஒரு கணக்கு தொடங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் விளம்பரத்தை அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் சரிபார்க்காமல் விண்ணப்பிக்க வேண்டாம். "பதிவுக் கட்டணம்", "லேப்டாப் டெபாசிட்" என்று பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கொடுத்துவிட்டிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள்.

படி 4: ஒரு பக்க பயோடேட்டா

"நேர்மையானவன், கடின உழைப்பாளி" என்ற வரிகளை எடுத்துவிடுங்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். "அனுபவம் இல்லை" என்று சொல்லும் பல பிள்ளைகளுக்கு அனுபவம் இருக்கிறது, அதை எழுதத்தான் தெரிவதில்லை.

உதாரணமாக, ஒருவர் சம்பா பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தற்காலிகமாக வேலை பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நெல் கொள்முதலில் உதவி" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் புரியாது. இப்படி எழுதலாம்:

"நேரடி நெல் கொள்முதல் நிலையம், பருவகாலப் பணி. 40 கிலோ மூட்டைகளின் எடையைச் சரிபார்த்தல். ஈரப்பதமானியில் அளவெடுத்து 17 சதவீத வரம்போடு ஒப்பிடுதல். விவசாயிகளின் சிட்டா, அடங்கல் விவரங்களைச் சரிபார்த்துக் கணினியில் பதிதல். லாரிக்கு ஏற்றிய மூட்டைக் கணக்கைத் தினமும் முடித்தல்."

இதைப் படிக்கும் கிடங்கு மேலாளருக்கு எடை, தரம், ஆவணம், கணக்கு எல்லாம் இந்தப் பிள்ளைக்குத் தெரியும் என்று புரிந்துவிடும். மளிகைக் கடையில் ஜி.எஸ்.டி. பில் போட்டது, கோயில் திருவிழாவுக்கு நன்கொடைக் கணக்கு எழுதியது, எல்லாவற்றையும் இதே மாதிரி விரித்து எழுதலாம். செய்யாததை மட்டும் எழுதாதீர்கள். கோப்பை பி.டி.எஃப்.பாக அனுப்புங்கள், கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள்.

படி 5: அரசுத் தேர்வுக்குப் படிப்பதாக இருந்தால்

டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், 5 வருஷம் செல்லும். குரூப் 4-க்கு 10-ஆம் வகுப்புத் தகுதி போதும், கிராம நிர்வாக அலுவலர் பதவியும் இதற்குள்தான் வருகிறது. 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்விகள் தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புகள் உண்டு. பணம் கட்டி அகாடமியில் சேரும் முன் அங்கே போய்ப் பாருங்கள்.

எத்தனை தேர்வு எழுதிப் பார்ப்பது என்பதை இன்றே முடிவு செய்து, படி 1-இல் எழுதிய அதே தாளில் குறித்து வையுங்கள். முடிந்தால் பாதிநேர வேலையோடு படியுங்கள். ஐந்தாறு வருஷம் தேர்வு தவிர வேறெதுவும் இல்லாமல் இருந்தவர்களுக்குத் தனியார் நேர்காணலில் வரும் சங்கடம் பெரியது. அது அவர்கள் உழைக்காததால் வந்ததல்ல. யாரும் முன்கூட்டியே சொல்லாததால் வந்தது.

படி 6: வெளிநாடு என்றால் ஏஜென்டைச் சரிபாருங்கள்

பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, கும்பகோணம் என்று எங்கு போனாலும் வெளிநாட்டுச் சம்பளத்தில் எழும்பிய வீடுகள் இருக்கின்றன. அதே தெருக்களில் நகையை அடகு வைத்து ஏமாந்த வீடுகளும் இருக்கின்றன. ஊரில் உங்களிடம் பேசுகிறவர் பல நேரம் இடைத்தரகர்தான். அவரிடம் உரிமம் பெற்ற ஏஜென்டின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அதைத் தேடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள், ரசீது கேளுங்கள்.

10-ஆம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வேண்டும். அப்படிப் போகிறவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. சிங்கப்பூர் என்றால் முதலில் அந்நாட்டு மனிதவள அமைச்சின் கொள்கையளவு ஒப்புதல் கடிதம் வர வேண்டும். அதில் உள்ள சம்பளமும் ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளமும் ஒன்றா என்று பாருங்கள். "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றால் போகாதீர்கள். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் போய், இணைய மோசடிக் கூடங்களில் சிக்கியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

படி 7: ஆர்டரைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்

ஆண்டுச் சம்பளமாகச் சொல்லும் தொகை அப்படியே கைக்கு வராது. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப்.பும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். உங்கள் பங்காகவும் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் போகும். மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள். மீதியிலிருந்து அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவைக் கழித்துப் பாருங்கள். சென்னையில் 18,000 ரூபாயும் கும்பகோணத்தில் 13,000 ரூபாயும் என்றால், வீட்டில் இருந்து போய்வரும் 13,000-இல் அதிகம் மிஞ்சலாம். சென்னை வேலையில் மூன்று வருஷத்தில் ஏறும் வாய்ப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். படி 2-இல் பேசிய அண்ணனுக்கு இன்னொரு போன் போட்டால் அதற்கும் பதில் கிடைக்கும்.

ஒப்பந்தக் காலம், முன்கூட்டியே விலகினால் கட்ட வேண்டிய தொகை இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் கோப்பில் வைக்க ஜெராக்ஸ் போதும்.