‘லேசான விஷம்தானே?’: ஹாக்நோஸ் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி வீடியோ அனுப்பியிருந்தான். அவன் வளர்க்கும் மேற்கத்திய ஹாக்நோஸ் பாம்பு (மேல்நோக்கிய பன்றி மூக்குள்ள, லேசான விஷமுள்ள வட அமெரிக்கப் பாம்பு) அவனுடைய சுண்டுவிரலை நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது. பின்னணியில் சிரிப்பு. “ஆறு நிமிஷம் ஆச்சு அண்ணா, ஒண்ணுமே ஆகல!” பத்து வருடத்துக்கு முன் டாலஸில் நான் எடுத்த வீடியோவும் கிட்டத்தட்ட இதேதான். தொட்டியை மூடு, சூட்டைக் கவனி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மென்று தின்னட்டும் என்று விட்டு வேடிக்கை பார்ப்பது

இன்னும் எனக்கு எரிச்சலைக் கிளப்புகிற தவறு இது. விரியன், ஊசி போடுவதுபோல் ஒரே கடியில் விஷத்தைச் செலுத்திவிடும். ஹாக்நோஸுக்கு அந்த வசதி கிடையாது. மேல்தாடையின் பின்பக்கம் பெரிய பற்கள் (அதனால்தான் இவற்றைப் பின்பல் பாம்பு என்பது), அவற்றையொட்டி விஷம் சுரக்கும் டுவர்னாய் சுரப்பி. அதிலிருந்து விஷம் மெதுவாகக் கசிந்துதான் காயத்தில் இறங்கும். அதற்குப் பாம்பு மென்றுகொண்டே இருக்க வேண்டும். கடி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதுதான் கணக்கு.

அன்று நான் ஐந்து நிமிடம் விட்டேன். முதலில் லேசான எரிச்சல்தான். ராத்திரிக்குள் கை பூரி மாதிரி உப்பி, கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. வெட்டித்தான் எடுத்தார்கள். வீக்கம் வடியப் பத்து நாள் ஆனது. மோதிரத்தின் விலையை என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். இதே பாம்பு கடித்து ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்துபோன ஒருவரைப் பற்றி 2019-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. இதற்கென்று விஷமுறிவு மருந்தும் இல்லை.

கடித்தால் பிடித்து இழுக்காதீர்கள். குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். அப்படியும் விடாவிட்டால் அதன் வாயோரம் ஒரு சொட்டு மவுத்வாஷ். மோதிரத்தை உடனே கழற்றிவிட்டு, சோப்பு போட்டுக் கழுவுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். வீக்கம் மேலே ஏறினாலோ மூச்சு இறுகினாலோ ஆஸ்பத்திரிதான்.

எலி வாசனைக் கை

கழுவுங்கள். எலியை இடுக்கியில் கொடுங்கள்.

“இது கடிக்காது, நடிக்கும்”

நடிக்கும்தான். கழுத்தைத் தட்டையாக்கிச் சீறும், வாயை மூடிக்கொண்டே மூக்கால் முட்டும், மல்லாந்து செத்ததுபோல் கிடக்கும். பயத்தில்தான் இந்த நாடகமெல்லாம். பசியில் உங்கள் விரலை எலி என்று நினைத்துவிட்டால் நாடகம் கிடையாது.

பின்பல் பாம்பெல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பு

ஆப்பிரிக்காவின் பூம்ஸ்லாங் என்ற கொடிய பாம்புக்கும் விஷப்பல் பின்னால்தான். 1957-இல் சிகாகோவில் கார்ல் ஷ்மிட்டைக் கடித்தது ஒரு குட்டி பூம்ஸ்லாங். சிகிச்சைக்குப் போகாமல் தன் அறிகுறிகளைக் குறித்துக்கொண்டிருந்தவர், மறுநாளே இறந்தார். 1975-இல் ஜெர்மனியின் ராபர்ட் மெர்டென்ஸ், தான் வளர்த்த குச்சிப் பாம்பு கடித்து இறந்தார்; அதுவும் பின்பல் பாம்புதான். இருவருமே பாம்பைக் கரைத்துக் குடித்த ஆராய்ச்சியாளர்கள்.

நம் ஊரில், இதுவும் பின்பல் பாம்புதானே என்று கண்கொத்திப் பாம்பைப் பிடித்து வளர்க்கலாமா?

கூடாது. சட்டப்படியே குற்றம்.

“போன தடவை ஒன்றும் ஆகவில்லையே”

அடுத்த தடவை ஆகலாம். திரும்பத் திரும்பக் கடிபட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்துவிடுகிறது.

இதையெல்லாம் அந்தத் தம்பிக்கும் எழுதி அனுப்பினேன். மறுநாள் காலையில் ஒரு படம் வந்தது. சுண்டுவிரல் எது, மோதிரவிரல் எது என்று தெரியவில்லை. நல்லவேளை, அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.