ஹெட் கேஸ்கெட் பழுதை வீட்டிலேயே கண்டறிந்து சரிசெய்வது எப்படி?

எஞ்சின் ஒருமுறை கடுமையாகச் சூடேறிவிட்டால் "கேஸ்கெட் போய்விட்டது" என்று முடிவு கட்டி, அன்றே ஸ்பானரைக் கையில் எடுத்துவிடுவது பலருடைய வழக்கம். ஆனால் ஸ்பிரிங் தளர்ந்த ரேடியேட்டர் மூடியும், திறக்காமல் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் (சூடானதும் குளிரூட்டும் திரவத்துக்கு வழி திறக்கும் வால்வு), சுழலாத விசிறியும் அதே சூட்டை உண்டாக்கும். சிலிண்டர் ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்மூடியை, இறக்கி ஏற்றுவது பொறுமையும் சரியான கருவிகளும் உள்ளவர் வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். இதில் நான் வலியுறுத்த விரும்புவது இரண்டு: கேஸ்கெட்தான் பழுது என்று சோதனையில் உறுதியான பிறகே ஹெட்டை இறக்க வேண்டும், கேஸ்கெட்டைக் கெடுத்த காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே அதை மீண்டும் ஏற்ற வேண்டும்.

எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் இந்த மெல்லிய தகடு, சிலிண்டருக்குள் வெடித்து எரியும் வாயு, சுற்றி ஓடும் கூலன்ட் (குளிரூட்டும் திரவம்), மேலே ஏறும் ஆயில் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைக்கிறது. எந்தத் தடுப்பு உடைகிறதோ அதற்கேற்ப அறிகுறி மாறும். எரியும் வாயுவின் அழுத்தம் கூலன்ட்டின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், எஞ்சின் ஓடும்போது வாயு கூலன்ட் வழிக்குள் புகுந்து குமிழிகளாக வெளிவரும். எஞ்சினை நிறுத்திய பிறகு நிலைமை தலைகீழாகிறது. சூடான கூலன்ட்டில் எஞ்சியிருக்கும் அழுத்தம் அதே ஓட்டை வழியாகக் கூலன்ட்டைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் தடதடவென்று ஓடி, இனிப்பு வாடையுடன் அடர்ந்த வெண்புகையை விட்டு, ஒரு நிமிடத்தில் சீராகிவிடுவதற்கு இதுவே காரணம்.

சோதனைகள்

கடைசிச் சோதனையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எஞ்சின் முற்றிலும் ஆறிய நிலையில் தொடங்குங்கள். கூலன்ட் அமைப்பு ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தில் மூடப்பட்டிருப்பதால் உள்ளே இருக்கும் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அது அந்தக் கணமே ஆவியாகி முகத்தில் பாயும்.

முதலில் ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் குழம்பியிருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டக் கூடாது, ஏனெனில் அது பேரிங்குகளை விரைவில் அரித்துவிடும். ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்மையான பசை ஒட்டியிருப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் காற்றின் ஈரம் படிந்தாலும் அப்படி ஆகும். அதேபோல, ஆயில் சுத்தமாக இருப்பதால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. சிலிண்டருக்கும் கூலன்ட் வழிக்கும் இடையே மட்டும் உடைந்திருந்தால் ஆயில் கடைசி வரை தெளிவாகவே இருக்கும்.

அடுத்தது அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியின் மேல் அச்சிட்டுள்ள அழுத்தம் வரை ஏற்றிப் பதினைந்து நிமிடம் விட்டுவைக்க வேண்டும். முள் இறங்கியும் வெளியே எங்கும் சொட்டு தெரியவில்லை என்றால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிச் சிறு விளக்கின் ஒளியில் சிலிண்டர்களின் உள்ளே பாருங்கள். மற்ற பிஸ்டன்களின் தலையில் கரி படிந்திருக்க, ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் பளிச்சென்று தெரிந்தால் கசிவு அங்கேதான். ஹீட்டர் கோர் (காருக்குள் வெப்பம் தரக் கூலன்ட் ஓடும் சிறு ரேடியேட்டர்) கசிந்தாலும் முள் இறங்கும் என்பதால், காருக்குள் முன் இருக்கைகளின் கால்வைக்கும் இடத்தில் விரிப்பு ஈரமாக இருக்கிறதா என்றும் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

நான் பெரிதும் நம்புவது, சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கசிகிறதா என்று பார்க்கும் சோதனையைத்தான். ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவத்தை ஊற்றி ரேடியேட்டர் வாயில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கூலன்ட்டுக்கு மேலே உள்ள காற்றை அந்தத் திரவத்தின் வழியாக உறிஞ்ச வேண்டும். காற்றில் எரிந்த வாயுவின் கரியமில வாயு இருந்தால் நீலம் பச்சையாகி மஞ்சளாக மாறும். தொடங்கும் முன் கூலன்ட்டின் மட்டத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டுக் கூலன்ட் குழாய்க்குள் ஏறினாலும் சோதனை பாழாகிவிடும். டீசல் எஞ்சினுக்கு அதற்கென உள்ள திரவத்தையே பயன்படுத்த வேண்டும்.

கடைசியாகக் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். எஞ்சின் சூடான பின் எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் மற்றவற்றைவிட மிகக் குறைவாகக் காட்டினால், அவற்றுக்கு இடையே உள்ள குறுகிய பாலத்தில் கேஸ்கெட் எரிந்துபோயிருக்கிறது. ஒரே ஒரு சிலிண்டர் குறைவாக இருந்தால் ஒரு தேக்கரண்டி ஆயிலை உள்ளே விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் கணிசமாக ஏறினால் குற்றம் பிஸ்டன் வளையத்தில் இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் அல்லது கேஸ்கெட்டில் இருக்கிறது. அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை உச்சத்தில் நிறுத்திக் கம்ப்ரெஸர் காற்றைச் செலுத்தினால் இந்த ஐயமும் தீர்ந்துவிடும். காற்று ஆயில் மூடி வழியாகச் சீறினால் வளையம், சைலன்சரிலோ காற்று உள்ளிழுக்கும் வழியிலோ சீறினால் வால்வு, ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல்.

காரணத்தைத் தேடுதல்

அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. அலுமினிய ஹெட்டும் இரும்புப் பிளாக்கும் கொண்ட எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட ஹெட் விரிய இடமின்றி நடுவில் வளைந்து, அந்த வளைவில் கேஸ்கெட்டின் பிடி விட்டுப்போகிறது. ஆகவே பெரும்பாலான வண்டிகளில் கேஸ்கெட்டின் முடிவு ஒரு விளைவுதான்; காரணம் குளிரூட்டும் அமைப்பில் எங்கோ இருக்கிறது.

என் முதல் வண்டியில் இதைத் தெரியாமல், புதிய கேஸ்கெட்டைப் போட்டுப் பழைய ரேடியேட்டரையே மாட்டினேன். சில மாதங்களில் மீண்டும் சூடேறி, இரண்டாவது மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே அதே இடத்தில் எரிந்துபோனது. அன்றுதான் எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை நகர்த்திப் பார்த்தேன். மேல்பகுதி தொட முடியாத சூட்டில் இருக்க, நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் குழாய்கள் அடைத்துக் குளிர்ந்தே கிடந்தன. ஹெட்டை இறக்கும்போதே தெர்மோஸ்டாட்டையும் மூடியையும் மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்ப்பின் அச்சை ஆட்டிப் பாருங்கள். விசிறி உரிய சூட்டில் சுழலத் தொடங்குகிறதா என்பதை உறுதி செய்யுங்கள்.

ஓட்டையை அடைப்பதாகச் சொல்லும் திரவங்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை ஹீட்டர் கோரின் நுண்ணிய குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடும்.

ஹெட்டை இறக்குதல்

உங்கள் எஞ்சினுக்கான சர்வீஸ் கையேடு இல்லாமல் இதற்கு மேல் செல்லக் கூடாது. இறுக்கும் வரிசை, இறுக்க அளவு, டைமிங் குறிகள் (பிஸ்டன்களும் வால்வுகளும் ஒத்திசைந்து இயங்கப் பொருத்த வேண்டிய அடையாளங்கள்) ஆகிய மூன்றையும் ஊகித்துச் செய்ய முடியாது.

பேட்டரியைத் துண்டித்து, எரிபொருள் அழுத்தத்தை இறக்கி, கூலன்ட்டை ஓர் அகன்ற பாத்திரத்தில் வடித்து உடனே மூடிவையுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் அதை நக்கிவிடும், குழந்தைகளும் வாயில் வைத்துவிடுவார்கள். சிறிதளவே உயிரைப் பறிக்கும். கழற்றும் ஒவ்வொரு ஒயரிலும் குழாயிலும் ஒட்டுத்தாளில் எண் எழுதி, கழற்றும் முன் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சிலிண்டரை உச்சத்தில் நிறுத்தி, டைமிங் குறிகள் நேராக நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பெல்ட்டையோ செயினையோ விடுவிக்க வேண்டும். அதன்பின் கிராங்கையும் (பிஸ்டன்களோடு இணைந்த அச்சு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் அச்சு) தனித்தனியே சுழற்றினால், பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும்.

ஹெட் போல்ட்டுகளை ஆறிய எஞ்சினில், இறுக்கும் வரிசைக்கு நேரெதிராக, அதாவது ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒரு சுற்றுக்குச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஒரே மூச்சில் ஒரு போல்ட்டை முழுக்கக் கழற்றினால் நல்ல ஹெட்டும் வளைந்துபோகும். ஹெட் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இரண்டு பரப்புகளுக்கும் இடையே ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பாதீர்கள், அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழியாகும். மேனிஃபோல்டு (காற்றும் புகையும் செல்லும் குழாய்த் தொகுப்பு) பொருந்தும் பக்கத்தைப் பிடித்து ஆட்டி விடுவித்து, இன்னொருவர் உதவியுடன் நேராக மேலே தூக்குங்கள்.

பழைய கேஸ்கெட்டை எறிந்துவிடாமல் வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக வளையத்திலிருந்து கூலன்ட் துளை வரை நூல்போலக் கரிக்கோடு ஓடியிருந்தால், வாயு சென்ற பாதை அதுவே. ஹெட்டில் அதற்கு நேர்மேலே உள்ள இடத்தில் அரிப்பு இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். இரண்டு வால்வுகளுக்கு நடுவே மயிரிழைபோன்ற விரிசல் தெரிந்தால், கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

சுத்தமும் சமதளமும்

வீட்டில் செய்த கேஸ்கெட் வேலை மீண்டும் தோற்பதற்கு நான் அதிகம் கண்ட காரணம் அவசரமான சுத்தம்தான். ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டை அதற்கான கரைப்பானில் ஊறவிட்டுப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். டிரில்லில் மாட்டிச் சுழற்றும் தேய்ப்பு வட்டுகள் வேலையை விரைவாக்கும் என்றாலும், அவை மிருதுவான அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைத் தோண்டுவதோடு, உதிரும் துகள் ஆயில் வழியில் இறங்கிப் பேரிங்குகளைத் தின்றுவிடும். சிலிண்டர்களையும் ஆயில் துளைகளையும் துணியால் அடைத்துவிட்டே சுரண்டுங்கள். அடைத்த துணிகளை எண்ணிவைத்து, எடுக்கும்போது மறுபடி எண்ணுங்கள்.

போல்ட் துளைகளின் அடியில் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அந்தத் திரவம் போக இடமின்றி அழுந்திப் பிளாக்கையே பிளந்துவிடக்கூடும். பிளக்காவிட்டாலும் இறுக்க அளவைப் பொய்யாகக் காட்டும். கண்ணாடி அணிந்துகொண்டு ஒவ்வொரு துளையையும் காற்றால் ஊதி, பஞ்சு சுற்றிய குச்சியை அடிவரை விட்டு உலர்ந்திருப்பதை உறுதி செய்யுங்கள்.

பிறகு நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின் பரப்பில் நிறுத்தி, நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களில் என்று பல திசைகளிலும் அடியில் ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய அளவுத் தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். சட்டத்துக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தால் ஒளி கசியும் இடம் முதலிலேயே தெரிந்துவிடும். பல அலுமினிய ஹெட்டுகளுக்கு 0.05 மில்லிமீட்டர் வரைதான் இடைவெளி இருக்கலாம். உங்கள் எஞ்சினுக்கான எல்லையைக் கையேட்டில் பாருங்கள். எல்லையைத் தாண்டினால் ஹெட்டை லேத்துப் பட்டறையில் கொடுத்து ஃபேஸிங் செய்வதும் (பரப்பைச் சீவிச் சமமாக்குவதும்), விரிசலுக்கு அழுத்தச் சோதனை செய்வதும் தவிர்க்க முடியாதவை. என்னைக் கேட்டால், ஒருமுறை கடுமையாகச் சூடேறிய ஹெட்டை அளவு சரியாகக் காட்டினாலும் அழுத்தச் சோதனைக்கு அனுப்பிவிடுவதே நல்லது. பிளாக்கின் பரப்பையும் இதேபோல் அளக்க மறவாதீர்கள்.

மீண்டும் ஏற்றுதல்

புதிய கேஸ்கெட்டில் மேல்பக்கம், முன்பக்கம் எது என்ற குறி இருக்கும். திருப்பி வைத்தால் ஆயில் துளை மூடிக்கொள்ளக்கூடும் என்பதால், ஒவ்வொரு துளையையும் பிளாக்கின் துளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டீசல் எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன் பிளாக்குக்கு மேல் துருத்தும் அளவுக்கேற்பக் கேஸ்கெட்டின் தடிமன் மாறும். கையேடு சொன்னாலொழிய எந்தப் பசையும் தடவாமல் உலர்ந்தே வையுங்கள்.

இக்கால எஞ்சின்கள் பலவற்றில் ஹெட் போல்ட்டுகள் இறுக்கும்போது நீண்டுகொடுக்கும் வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் புதிதாகவே போட வேண்டும். கையேடு சொல்லும் இடங்களில் மட்டும் ஆயில் தொட்டு, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிய வரிசையில், முதலில் டார்க் ரெஞ்சால் (இறுக்க அளவைக் காட்டும் ஸ்பானர்) குறைந்த அளவுக்கும், பிறகு குறிப்பிட்ட கோணத்துக்கும் படிப்படியாக இறுக்குங்கள். கோணத்தில் இறுக்கும் கட்டத்தில் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டால், எது 90 டிகிரி திரும்பியது, எது திரும்பவில்லை என்ற குழப்பம் வராது.

டைமிங்கைப் பொருத்திய பின் கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது முட்டினால் பலத்தைக் கூட்டாமல் நிறுத்தி, குறிகளை மறுபடி சரிபாருங்கள். புதிய ஆயிலும் ஃபில்டரும் போட்டு, கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரோடு உரிய விகிதத்தில் கலந்து ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேறும் திருகைத் திறந்து குமிழிகள் நிற்கும்வரை விடுங்கள். உள்ளே சிக்கிய காற்று எஞ்சினை மீண்டும் சூடேற்றும், செய்த வேலையையே சந்தேகிக்கவும் வைக்கும். சைலன்சரில் தேங்கியிருந்த கூலன்ட் எரிவதால் முதல் ஓட்டத்தில் சற்று நேரம் வெண்புகை வரும், அது இயல்பானதே.

பழைய ஆயிலில் கூலன்ட் கலந்திருந்தால், சில நூறு கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றுங்கள். கூலன்ட் தொட்டியில் ஆறிய மட்டத்தைப் பேனாவால் குறித்துவைத்து, ஒரு வாரம் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். எஞ்சிய காற்று வெளியேறுவதால் முதல் இரண்டு நாட்களில் மட்டம் சற்று இறங்கலாம். அந்த அளவுக்கு ஊற்றிக் குறியைப் புதுப்பியுங்கள். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் வண்டியை ஓட்டாமல், அழுத்தச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.