மோதிரத்துல இருக்கிற பவளம் மங்கிப்போச்சா, வீட்லயே மெருகேத்தலாம்

செவ்வாய்க்குன்னு மோதிர விரல்ல பவளம் போட்டிருக்கிற நிறைய பேர் கேக்கிறது இதுதான், வாங்கும்போது பளபளன்னு இருந்துச்சு இப்ப சுண்ணாம்பு பூசின மாதிரி ஆயிடுச்சுன்னு. கல்லு போலின்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க. பவளம் கடல் உயிரி கட்டின கால்சியம் கார்பனேட், கல்லோட கடினத்த சொல்ற மோஸ் அளவுல 3ல இருந்து 4க்குள்ளதான், நம்ம வீட்டு தூசில இருக்கிற குவார்ட்ஸ் மணல் 7, அதனால காஞ்ச துணியால தூசியோட சேத்து துடைச்சாலே கீறல் விழும். எலுமிச்சை, புளி, வினிகர், பாத்ரூம் கழுவுற ஆசிட் எல்லாமே அத கரைக்கும், வேர்வை கூட நாளடைவுல மங்க வைக்கும்.

மொதல்ல எதனால மங்குச்சுன்னு பாருங்க. மேடான உச்சி மட்டும் மங்கி இருந்தா உரசல், கல்லு முழுக்க ஒரே மாதிரி வெளுத்திருந்தா பெரும்பாலும் புளிப்போ வேர்வையோ. ரெண்டையுமே சரி பண்ணலாம். ஆனா விரிசல் இருந்தா, அதாவது நகத்த குறுக்க ஓட்டினா தட்டுதுன்னா, கை வைக்காதீங்க.

இன்னொரு டெஸ்டும் கட்டாயம். கல்லோட பின்பக்கம் ஒரு ஓரத்துல பஞ்சுல அசிட்டோன் லேசா தொட்டு தேச்சுப் பாருங்க, பஞ்சு சிவந்தா அது சாயம் போட்ட கல்லு, தேச்சா உள்ள இருக்கிற வெள்ளை தெரிஞ்சிடும், அதோட நிறுத்திடுங்க.

வேலைக்கு வேண்டியது வாட்டர் பேப்பர், காருக்கு பெயின்ட் அடிக்கிறவங்க யூஸ் பண்றது, 1500, 2000, 3000 நம்பர்ல, நம்பர் கூடக்கூட பேப்பர் நைசா இருக்கும். சாதா உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். மோதிரத்த மைல்டு சோப்பு தண்ணில கழுவி, தங்கத்து மேல மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க, இல்லன்னா தங்கமும் கீறிடும். பேப்பர சின்ன ஸ்பாஞ்சு துண்டு மேல சுத்திக்கோங்க, வெறும் விரலால அழுத்தி தேச்சா உருண்டையா இருக்கிற கல்லுல ஒரு பக்கம் தட்டையாயிடும், அப்புறம் அது எந்த வெளிச்சத்துலயும் அசிங்கமா தெரியும். எப்பவும் தண்ணி நனைச்சே தேய்ங்க, பவளத் தூள் மூச்சுல போகவே கூடாது, மாஸ்க்கும் போட்டுக்கோங்க.

1500ல ஒரே திசைல தேய்ங்க, கீறல் மறைஞ்சதும் நல்லா கழுவிட்டு 2000ல குறுக்கு திசைல, முன்னாடி போட்ட கோடு முழுசா போற வரைக்கும், அப்புறம் மறுபடி கழுவி 3000. நடுவுல கழுவுறத மட்டும் விட்றாதீங்க, பழைய பேப்பரோட ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் மறுபடி கீறும். போன் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சா மிச்ச கோடெல்லாம் தெரியும். இங்க அவசரப்பட்டா கடைசில பளபளப்பு வராது, நிஜமாவே பொறுமையா பண்ணுங்க.

கடைசியா டின் ஆக்சைடு பவுடர தண்ணில கொழைச்சு மெல்லிசு தோல் துண்டுல தொட்டு தேச்சா மெருகு வந்துடும். தேங்காய் எண்ணெய் தடவினா பளபளக்கும்னு சொல்வாங்க, அது கீறல கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான்.

அல்ட்ராசோனிக் மெஷின்லயும் ஸ்டீம்லயும் பவளத்த போடக்கூடாது. மோதிரம் சைஸ் மாத்தக் குடுத்தா கல்ல கழட்டிட்டுத்தான் பத்த வைக்கணும்னு பத்தர்கிட்ட சொல்லியே குடுங்க, நெருப்பும் ஆகாது, பத்த வச்சப்புறம் தங்கத்த முக்கி எடுக்கிற ஆசிட் அதுக்கும் மேல ஆகாது.

ஓரத்துல துளி பேந்திருந்தா, விளிம்புக்கு தள்ளி மேல்பக்கம்னா 1500லயே இழைச்சு வளைவ ஒட்டவச்சிடலாம், கல்லு அளவு கொஞ்சம் குறையும். தங்கம் பிடிச்சிருக்கிற இடத்துலயே பேந்திருந்தா கல்லு ஆடும், கல் பதிக்கிறவர்கிட்ட குடுத்துடுங்க. பின்னமான கல்லப் போடக்கூடாதுன்னு நம்புறவங்க வீட்டு மோதிரம்னா இழைக்கிறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.