எண்ண வேண்டியது குட்டியை அல்ல, தாயை

சினை எலிகளுக்கு ஒரு வேதிப்பொருளைக் கொடுத்து, குட்டிகளில் எத்தனை ஊனமாக இருக்கின்றன என்று பார்க்கிறீர்கள். பொருளைத் தின்றவை 10 எலி, தின்னாதவை 10. ஈற்றுக்கு 12 குட்டி என்றால் பக்கத்துக்கு 120. உடனே மாதிரி அளவு 240 என்று எழுதி, இரண்டு குழுக்களின் விகிதங்களை ஒப்பிடும் கை ஸ்கொயர் சோதனையைப் போட்டுவிடுவார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

ஓர் ஈற்றுக் குட்டிகள் ஒரே கருப்பையில் வளர்ந்தவை. ஒன்று பாதிக்கப்பட்டிருந்தால் கூடப் பிறந்ததும் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒட்டுறவு 0.3 என்று வைத்துக்கொள்வோம். தகவல் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதற்கான கணக்கு: 1 + (12 − 1) × 0.3 = 4.3. 120ஐ இதால் வகுத்தால் 28. அதாவது 120 குட்டிகளைப் பார்த்தும், தனித்தனியான 28 குட்டிகள் தரும் தகவல்தான் கையில் இருக்கிறது. பி மதிப்பு (பொருளுக்கு விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) சின்னதாக வந்தது பொருளால் அல்ல, கணக்கால். கருவளர்ச்சி நச்சுச் சோதனைக்கு ஓஈசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வைத்திருக்கும் 414ஆம் விதிமுறை, குழுவுக்கு ஏறக்குறைய 20 சினை எலிகள் கேட்பதும் இதனால்தான். அதில் கணக்கின் அலகு ஈற்றுதான், குட்டி அல்ல.

"ஒட்டுறவு உண்டா என்று சோதித்தோம், இல்லை என்று வந்தது, விட்டுவிட்டோம்" என்பது இன்னொரு தவறு. பத்துப் பத்துத் தாய்களை வைத்து அதைக் கண்டுபிடிக்கும் வலு அந்தச் சோதனைக்குக் கிடையாது. பொருள் தாய்க்குத்தானே போனது? அது போதும், ஈற்றைப் புள்ளியியல் மாடலில் வைக்க.

சரி, வைத்தாயிற்று. அப்புறம் விடையைப் படிப்பதில் சறுக்குவார்கள். ரேண்டம் எஃபெக்ட் (ஈற்றுக்கு ஈற்று மாறும் இயல்பு) வைத்த லாஜிஸ்டிக் மாடல் (ஊனம் உண்டா இல்லையா என்பதைக் கணிப்பது), ஈற்றின் இயல்பை நிலையாக வைத்து ஒப்பிடுகிறது. புள்ளியியலாளர்கள் லியாங்கும் ஸீகரும் 1986இல் தந்த ஜீஈஈ என்ற முறை எல்லா ஈற்றுகளின் சராசரியைச் சொல்கிறது. லாஜிட் அளவில் (ஊனத்தின் ஆட்ஸை, அதாவது ஊனமாகும் வாய்ப்புக்கும் ஆகாத வாய்ப்புக்கும் உள்ள விகிதத்தை, மடக்கையாக்கிய அளவு) ஈற்றுகளுக்கிடையே மாறுபாடு 2 என்றால், முதலாவதில் 3.7 என்று வரும் ஆட்ஸ் ரேஷியோ (இரு குழுக்களின் ஆட்ஸ்களுக்கிடையே உள்ள விகிதம்) இரண்டாவதில் 2.7க்கு இறங்கிவிடும். இரண்டும் சரியே, கேள்விதான் வேறு. ஜீஈஈயில் ஒரு எச்சரிக்கை: இரு பக்கமும் சேர்த்து 20 ஈற்றுகள் என்பது மிகக் குறைவு. பிழை அளவு உள்ளதைவிடச் சிறியதாக வரும், சிறுமாதிரித் திருத்தம் போட்டே ஆக வேண்டும்.

பலர் கவனிக்காதது, ஈற்றின் அளவு. டோஸ் கூடினால் சில கருக்கள் தொடக்கத்திலேயே செத்துக் கரைந்துவிடும். மிஞ்சிய குட்டிகளை மட்டும் எண்ணினால், கடுமையான டோஸில் ஊனம் குறைந்ததுபோல் ஓர் அழகான வரைபடம் கிடைக்கும். கருப்பையில் கரு பதிந்த இடங்களை எண்ணி, செத்தவை, ஊனமானவை, நலமானவை என்று மூன்று வகையாகவே மாடலுக்குள் கொண்டுபோங்கள்.