ஸ்கேஃபோல்டுக்குள்ள செல்லை இறக்குறது எப்படி

என்னோட முதல் பேட்ச் ஸ்கேஃபோல்டை பிளேடால குறுக்க வெட்டி மைக்ராஸ்கோப்ல வச்சப்ப தான் விஷயமே தெரிஞ்சுது, மேல் ஓரத்துல மட்டும் செல் பாய் விரிச்ச மாதிரி படுத்திருக்கு, நடுவுல ஈ காக்கா இல்ல. அதுக்கு முந்தின நாள் தான் மேல இருந்து எடுத்த போட்டோவ காட்டி "சூப்பரா ஒட்டிருக்கு சார்"னு கைடு கிட்ட பெருமையா சொல்லிட்டு வந்திருந்தேன். அதனால இப்ப பாண்டியில புராஜெக்ட் பண்ண வர்ற ஜூனியர் யாரு கேட்டாலும் நான் சொல்றது செல்லை மேல ஒட்ட வைக்கிறதப் பத்தி இல்ல, உள்ள இறக்குறதப் பத்தி தான்.

ஸ்கேஃபோல்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரே வரி: செல் உக்காந்து வளர்றதுக்கு நாம கட்டித்தர்ற பஞ்சு மாதிரியான சாரம். 1997-ல உலகம் பூரா சுத்துன முதுகுல காது முளைச்ச எலி போட்டோ பாத்திருப்பீங்க, அது எலி காதும் இல்ல மனுஷன் காதும் இல்ல, காது வடிவத்துல வார்த்த ஒரு ஸ்கேஃபோல்டுல மாட்டோட குருத்தெலும்பு செல்லைப் போட்டு எலித் தோலுக்கு அடியில வச்சது, அவ்ளோதான்.

நான் வேலை செய்யறது கைட்டோசான்ல. இறால் ஓடு, நண்டு ஓட்டுல இருந்து எடுக்கற சாமான், கடலூர் முதுநகர் துறைமுகம் பக்கம் போனா மூக்கைப் பொத்திட்டு நடப்போமே, அந்த ஓடு தான். இதை அசிட்டிக் ஆசிட்ல கரைச்சு, அச்சுல ஊத்தி, உறைய வச்சு, ஃப்ரீஸ் ட்ரையர்ல (ஐஸை உருக விடாம அப்படியே ஆவியாக்கற மெஷின்) போட்டா ஐஸ் இருந்த இடமெல்லாம் ஓட்டையாகி ஸ்பான்ஜ் கிடைக்கும். மைனஸ் 20-ல மெதுவா உறைய வச்சா ஐஸ் கட்டி பெருசாகும், ஓட்டையும் பெருசா வரும், மைனஸ் 80-ல சடார்னு உறைய வச்சா பொடி ஓட்டை. ஓட்டை ரொம்ப சின்னதா இருந்தா செல் வாசல்லயே நின்னுடும், 100 மைக்ரானுக்கு (0.1 மில்லிமீட்டர்) மேல இருந்தா நிம்மதி.

இங்க ஒரு குழி இருக்கு, எல்லாரும் ஒரு தடவை விழுவாங்க. ஸ்பான்ஜுக்குள்ள ஆசிட் மிச்சம் இருக்கும், அப்படியே மீடியால (செல் வளர்றதுக்கான சத்து திரவம்) போட்டா கொழகொழன்னு கரைய ஆரம்பிக்கும், மீடியாவும் சிவப்புல இருந்து மஞ்சளாயிடும், அந்த மஞ்சள் தான் ஆசிட் இருக்குன்னு மீடியால கலந்திருக்கற ஃபீனால் ரெட் சாயம் உங்களுக்கு சொல்ற சேதி. முதல்ல நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடுல ஊற வச்சு, அப்புறம் தண்ணி, அப்புறம் பிபிஎஸ்ங்கற உப்புக் கரைசல்னு பிஎச் 7 பக்கம் வர்ற வரைக்கும் கழுவுங்க, சோம்பல் படாதீங்க.

கிருமி நீக்க 70 சதவீத எத்தனால்ல ஊற வச்சு, ஹூடுக்குள்ள (வடிகட்டுன சுத்தக் காத்து ஓடற பெட்டி) வச்சு ஸ்டெரைல் பிபிஎஸ்ல மூணு நாலு தடவை கழுவறது தான் என் வழி. யூவி லைட்டை மட்டும் நம்பாதீங்க, அது மேல் தோலோட சரி, உள்ள போகாது. பிசிஎல்ங்கற பிளாஸ்டிக்ல செஞ்ச ஸ்கேஃபோல்டு வச்சிருக்கவங்க தயவு செஞ்சு ஆட்டோகிளேவ்ல (அழுத்த நீராவியால கிருமி கொல்ற மெஷின்) போட்டுடாதீங்க, அது 60 டிகிரியிலயே உருகிடும், திறந்து பாத்தா மெழுகு தான் இருக்கும்.

எத்தனால்ல ஊற வைக்கறதுல இன்னொரு லாபம், உள்ள இருக்கற காத்து வெளிய வரும். காஞ்ச ஸ்பான்ஜை தண்ணில போட்டா மிதக்குதுல்ல, அந்த காத்துக்குமிழி இருக்கற ஓட்டைக்குள்ள செல் போகவே போகாது, என் முதல் பேட்ச் ஊத்திக்கிட்டதுக்கு பாதி காரணம் அதுதான். ஸ்கேஃபோல்டு தானா அடியில முழுகற வரைக்கும் ஊற வைங்க, தேவைப்பட்டா மூடுன சிரிஞ்சுக்குள்ள பிபிஎஸ்ஸோட போட்டு பிஸ்டனை இழுத்து வேக்யூம் குடுங்க, குமிழி குமிழியா கிளம்பும் பாருங்க. அப்புறம் சீரம் (ரத்தத்துல இருந்து பிரிச்ச தெளிஞ்ச திரவம்) கலந்த மீடியால ஒரு ராத்திரி ஊறட்டும், சீரத்துல இருக்கற ஃபைப்ரோனெக்டின் மாதிரி புரோட்டீன் சுவர்ல படிஞ்சா தான் செல்லுக்கு கால் ஊன பிடி கிடைக்கும்.

இப்ப முக்கியமான கட்டம். எங்க ஆயாவுக்கு பாகூர் பக்கம் நிலம் இருந்துச்சு, நடவு அன்னிக்கு வயல்ல தண்ணியை வடிச்சு சேறு தெரியற அளவுக்கு விட்டுட்டு தான் நாத்து நடுவாங்க, தண்ணி நிறைய நின்னா நாத்து பிடுங்கிக்கிட்டு மிதக்கும், வேர் பிடிச்ச அப்புறம் தான் தண்ணி கட்டுவாங்க. நான் ரெண்டாவது பேட்ச் தயார் பண்ணும்போது தான் மண்டையில உறைச்சுது, முதல் பேட்ச்ல ஒரு மில்லி மீடியால செல்லைக் கலந்து மேல ஊத்தினேன்ல, அது முழங்கால் தண்ணில நாத்து நட்ட கதை.

கணக்கு இப்படி. 6 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் உயரம் இருக்கற வட்டத்துண்டோட மொத்த கொள்ளளவே சுமார் 56 மைக்ரோலிட்டர் தான், அதனால 40 மைக்ரோலிட்டருக்கு மேல குடுத்தா வழிஞ்சு பிளேட்டுக்கு போயிடும். ஒரு துண்டுக்கு 2 லட்சம் செல் வேணும்னா மில்லிக்கு 50 லட்சம் அடர்த்தி வேணும். ஃபிளாஸ்க்ல செல் 80 சதவீதம் நிறைஞ்சப்ப டிரிப்சின் (ஒட்டுன செல்லை விடுவிக்கற என்சைம்) போட்டு எடுங்க, 37 டிகிரில மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் போதும், மறந்துட்டு டீ குடிக்க போனா செல் செத்துடும், சீரம் மீடியா ஊத்தி நிறுத்துங்க. செத்த செல்லை மட்டும் நீலமாக்கற டிரைபான் புளூ சாயத்தோட பாதிக்கு பாதி கலந்து, ஹீமோசைட்டோமீட்டர்ல (செல் எண்ணறதுக்கான கட்டம் போட்ட கண்ணாடி) நாலு மூலைக் கட்டத்தையும் எண்ணுங்க. நாலும் சேர்ந்து 200 வந்துச்சுன்னா சராசரி 50, அதை ரெண்டால பெருக்கி பத்தாயிரத்தால பெருக்கினா மில்லிக்கு 10 லட்சம். 5 மில்லி இருந்தா மொத்தம் 50 லட்சம், அதை சென்ட்ரிஃப்யூஜ்ல 200-300 ஜி விசையில அஞ்சு நிமிஷம் சுத்தி, அடியில படியற செல் கட்டியை (பெல்லட்) ஒரு மில்லி மீடியால கலக்கினா வேலை முடிஞ்சுது. கணக்குல 25 துண்டுக்கு வரும், பைப்பெட்ல ட்யூப்ல ஒட்டறது போக நான் 20-ன்னு தான் வச்சுக்குவேன். நீலமா தெரியற செத்த செல் பத்துல ஒண்ணுக்கு மேல இருந்தா அன்னிக்கு நடவே வேணாம்.

ஊற வச்ச ஸ்கேஃபோல்டை எடுத்து ஸ்டெரைல் ஃபில்டர் பேப்பர் ஓரத்துல லேசா தொட்டு அதிக மீடியாவ உறிஞ்ச விடுங்க, பிழியாதீங்க, காயவும் விடாதீங்க. ஈரமா இருக்கணும், சொட்டக்கூடாது. செல் ஒட்டாத பிளேட்ல வைங்க, இல்லன்னா பிளேட்டுல இருக்கற குழி, அதாவது கிணத்து அடியில அகரோஸ் ஜெல் பூசிக்கோங்க, சாதா பிளேட்ல வச்சா வழியற செல்லெல்லாம் பிளாஸ்டிக்ல சந்தோஷமா ஒட்டி வளரும், நீங்க அதையும் சேத்து எண்ணி ஏமாந்து போவீங்க. 20 மைக்ரோலிட்டர் நடுவுல சொட்டு சொட்டா விடுங்க, அரை மணி நேரம் இன்குபேட்டர்ல வச்சு ஃபோர்செப்ஸால திருப்பிப் போட்டு மிச்சம் 20 விடுங்க. மூணு நாலு துண்டுக்கு ஒரு தடவை ட்யூப்ல இருக்கற செல்லை பைப்பெட்டால ஏத்தி இறக்கி கலக்கணும், இல்லன்னா செல் அடியில தங்கி முதல் துண்டுக்கு கஞ்சித் தண்ணியும் கடைசி துண்டுக்கு சோறுமா போகும்.

அப்புறம் ரெண்டு மணி நேரம் பொறுமை. சுத்தி இருக்கற காலி கிணறுல பிபிஎஸ் ஊத்தி வச்சா காயாது, நடுவுல ஒரு தடவை 10 மைக்ரோலிட்டர் வெதுவெதுப்பான மீடியா விட்டுக்கோங்க. ஒட்டுன அப்புறம் கிணத்து சுவர் ஓரமா மெதுவா மீடியா ஊத்தி தண்ணி கட்டிடலாம்.

இன்குபேட்டர் கதவை அடிக்கடி திறக்காதீங்க, நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்துல பூஞ்சை எங்கடா இடம்னு காத்துக்கிட்டு இருக்கும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி கரண்ட் போய், கார்பன் டை ஆக்சைடும் இல்லாம என் மீடியா எல்லாம் ஊதா கலருக்கு மாறிடுச்சு, அந்த பேட்ச் குப்பைக்கு தான் போச்சு. புயல் எச்சரிக்கை வந்தா நடவைத் தள்ளிப் போட்டு செல்லை ஃப்ரீஸ் பண்ணி லிக்விட் நைட்ரஜன்ல போட்டுடுங்க.

மறுநாள் ஸ்கேஃபோல்டை புது கிணறுக்கு மாத்திட்டு, பழைய மீடியால மிதக்கறதையும் அடியில தங்குனதையும் எண்ணுங்க. போட்டது 2 லட்சம், வெளிய 60 ஆயிரம்னா உள்ள இருக்கறது 1.4 லட்சம், அதாவது 70 சதவீதம். இது எத்தனைன்னு தான் சொல்லும், எங்கன்னு சொல்லாது. அதுக்கு மூணாவது நாள் ஒரு துண்டைத் தியாகம் பண்ணி குறுக்க வெட்டி கால்சீன் ஏஎம் சாயம் போட்டு பாருங்க, உயிரோட இருக்கறது பச்சையா தெரியும். மூணாவது நாள் நடுவுல செல் இருந்து ஏழாவது நாள் இல்லாமப் போனா தப்பு நடவுல இல்ல, ஆக்சிஜன்ல. உடம்புல ரத்தக்குழாய்ல இருந்து 100, 200 மைக்ரானுக்குள்ள தான் செல் இருக்கும், நம்ம துண்டோட நடு ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருக்கு. அப்ப துண்டை மெலிசாக்குங்க, இல்ல மீடியாவை உள்ள வழியா ஓட விடற பர்ஃபியூஷன் செட்டப்புக்கு போங்க.

செல் போடாத வெறும் ஸ்கேஃபோல்டு ஒண்ணையும் கடைசி வரைக்கும் கூடவே வச்சு அதே சாயம் போடுங்க, சாயத்தை ஸ்பான்ஜே குடிச்சுட்டு செல் மாதிரி மினுக்கும், நான் ஒரு வாரம் அதை செல்லுன்னு எண்ணிட்டு இருந்தேன்.