புயல்ல கூரை போச்சா? இன்சூரன்ஸ் க்ளெய்முக்கு ஆதாரம் எடுக்கிறது எப்படின்னு பாக்கலாம்

2011ல தானே, 2016ல வர்தா, 2018ல கஜா, 2024ல ஃபெஞ்சல்னு கடலூர், சென்னை, நாகை, விழுப்புரம் பக்கம் எத்தனை வீட்டுல ஓடும் ஷீட்டும் பறந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். இன்சூரன்ஸ் இருந்தும் பணம் சரியா கைக்கு வராம போறதுக்கு பல நேரத்துல காரணம் ஒண்ணுதான், சேதம் நிஜமா நடந்திருக்கும் ஆனா அது காத்துனாலதான் நடந்துச்சுன்னு காட்ட கையில ஒண்ணும் இருக்காது. சேதத்த மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புற சர்வேயர் வந்து பாக்குறப்போ குப்பையெல்லாம் அள்ளியாச்சு, புது ஷீட்டும் மாட்டியாச்சுன்னா அவர் எத வச்சு எழுதுவார் சொல்லுங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு விஷயம், வீட்டு லோன் வாங்கினவங்க "எங்களுக்கு ஏது இன்சூரன்ஸ்"னு விட்டுடாதீங்க, லோன் கொடுக்குறப்போ பேங்க்லயே பாலிசி போட்டிருக்கலாம், போய் காப்பி கேளுங்க. 2021 ஏப்ரல்ல இருந்து வீட்டுக்கு பொதுவா குடுக்குற பாலிசி பாரத் கிருஹ ரக்ஷா, அதுல புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாம் அடிப்படையிலேயே கவர் ஆகும். பழசாகி இத்துப்போனதுக்கு கிடைக்காது. இத ஞாபகத்துல வச்சுக்கிட்டுதான் போட்டோ எடுக்கணும்.

முதல்ல உயிர்

ஈரக் கூரை மேல ஏறாதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பாக்க கெட்டியா இருக்கும், கால வச்சா அப்படியே உள்ள போயிடும், அதோட உடைஞ்ச துண்டுல இருந்து வர்ற தூசி நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல், மாஸ்க் போட்டுக்கிட்டு கிட்ட போங்க, துடைப்பத்தால காய்ஞ்ச தூசிய கிளப்பாதீங்க. ஈபி ஒயர் அறுந்து கிடந்தா தொடாம மின்வாரியத்தோட புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987ல சொல்லிட்டு மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்க. கூரைய எதிர் வீட்டு மாடியில நின்னு ஜூம் பண்ணி எடுத்தாலே போதும்.

கம்பெனிக்கு உடனே தகவல்

அன்னைக்கே இன்சூரன்ஸ் கம்பெனி டோல் ஃப்ரீ நம்பருக்கு போன் போட்டு க்ளெய்ம் நம்பர் வாங்கிக்கோங்க, அதையே ஒரு ஈமெயிலாவும் அனுப்பிடுங்க. போன்ல பேசினதுக்கு உங்க கையில சாட்சி இல்ல, மெயிலுக்கு தேதியும் நேரமும் இருக்கு.

போட்டோ எடுக்கிற வரிசை

தூரத்துல இருந்து ஆரம்பிச்சு கிட்ட வாங்க. முதல்ல வீட்டு நம்பர் தெரியுற மாதிரி முன்பக்கம், அப்புறம் நாலு பக்கமும், அப்புறம் கூரை முழுசா, அதுக்கப்புறம்தான் உடைஞ்ச இடம். நேரா உடைஞ்ச இடத்த மட்டும் பத்து போட்டோ எடுத்து வச்சா அது யார் வீட்டு ஓடுன்னு யாருக்குத் தெரியும்? ஜிபிஎஸ் மேப் கேமரா மாதிரி ஆப் போட்டுக்கிட்டா இடமும் நேரமும் போட்டோவுலயே பதிஞ்சிடும். நடந்துக்கிட்டே ஒரு வீடியோவும் எடுங்க, "இது வடக்குப் பக்க ரூம், இங்க ஆறு ஷீட் போயிருக்கு"ன்னு பேசிக்கிட்டே எடுங்க.

இப்போ முக்கியமான இடம். தகர ஷீட்டா இருந்தா, கீழ விழுந்து கிடக்குற ஷீட்டுல ஜே போல்ட் (ஷீட்ட சட்டத்தோட பிடிக்கிற கொக்கி போல்ட்) மாட்டின ஓட்டைய கிட்டப்போய் எடுங்க. காத்து தூக்கின ஷீட்டுல அந்த ஓட்டை நீளவாக்குல கிழிஞ்சு, கிழிஞ்ச ஓரம் பளபளன்னு புதுசா தெரியும், துருப்பிடிச்சு தானா விட்டுப்போனதுல ஓட்டையச் சுத்தி செம்பழுப்பா பொடிப்பொடியா உதிரும். அந்தப் பளபளப்பு ரெண்டு மழைக்குள்ள மங்கிடும், அதனால முதல் நாளே எடுத்துடணும். ஓட்டு வீடுன்னா உடைஞ்ச ஓட்டோட முறிஞ்ச பக்கத்த எடுங்க, புதுசா முறிஞ்சது சுத்தமான செங்கல் நிறத்துல இருக்கும், பழைய விரிசல்ல பாசியும் கறுப்பும் ஏறியிருக்கும். முகட்டு ஓடு, ரீப்பர், கைமரம் மூணையும் தனித்தனியா எடுங்க, இதுக்கெல்லாம் தனித்தனி விலை. தென்னை சாய்ஞ்சு விழுந்திருந்தா வெட்டுறதுக்கு முன்னாடி வேர்ல இருந்து கூரை வரைக்கும் ஒரே ஃப்ரேம்ல வர்ற மாதிரி எடுத்துட்டு அப்புறம் வெட்டுங்க.

அளவு இல்லாத போட்டோ பாதி போட்டோ. டேப்ப வச்சு நீள அகலம் தெரியுற மாதிரி எடுத்து, ஒரு பேப்பர்ல கூரையோட படம் வரைஞ்சு எந்த இடம்னு நம்பர் போட்டு, அந்த நம்பரையே போட்டோவுக்கும் பேரா வச்சிடுங்க. உள்ள சீலிங் கறை, நனைஞ்ச ஸ்விட்ச் போர்டு, ஊறிப்போன பீரோ, மெத்தை எல்லாம் அதே மாதிரிதான். வாட்ஸ்அப்ல அனுப்புறப்போ போட்டோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்லன்னா குவாலிட்டியும் போயிடும், உள்ள இருக்கிற தேதி விவரமும் போயிடும்.

புயலுக்கு முந்தின போட்டோ கண்டிப்பா தேடுங்க. கிரகப்பிரவேசம், பொங்கல் கோலம், பையன் சைக்கிளோட நின்னது, எதுல பின்னாடி கூரை நல்லா தெரியுதோ அது உங்களுக்கு பெரிய பலம்.

தார்ப்பாய் போடலாம், ரிப்பேர் வேண்டாம்

மேல மேல சேதம் ஆகாம பாத்துக்கிறது நம்ம பொறுப்பு, அதனால போட்டோ எடுத்ததும் தார்ப்பாய் போட்டு மூடிடுங்க, வாங்கின பில்லும் ஆளுக்கு குடுத்த கூலிக்கு ரசீதும் பத்திரம். உடைஞ்ச ஓடுகளையும் ஷீட்டையும் ஒரு ஓரமா குவிச்சு வைங்க, சர்வேயர் பாக்குற வரைக்கும் பழைய இரும்புக்காரர்கிட்ட போடாதீங்க.

பேப்பர்ஸ்

பாலிசி காப்பி, வீட்டு வரி ரசீது, பேங்க் பாஸ்புக், அந்தந்த நாள் வானிலை ஆய்வு மையம் விட்ட புயல் அறிக்கை, முடிஞ்சா விஏஓ கிட்ட ஒரு சான்று. கான்ட்ராக்டர் எஸ்டிமேட் லெட்டர் பேடுல இருக்கணும், "கூரை வேலை மொத்தம்"னு ஒரே வரியில வாங்கிட்டு வராதீங்க, ஷீட் எத்தனை, என்ன திக்னஸ், போல்ட், கூலி, சாரம், வண்டி வாடகைன்னு பிரிச்சு எழுதி வாங்குங்க. இடிஞ்சத அள்ளி அப்புறப்படுத்துற செலவும் பாரத் கிருஹ ரக்ஷாவுல க்ளெய்ம் தொகையில 2 சதவீதம் வரைக்கும் உண்டு, நெறைய பேர் இத கேக்குறதே இல்ல.

சர்வேயர் வர்ற அன்னைக்கு

நீங்களே கூட இருங்க, முடிஞ்சா மேஸ்திரியையும் கூப்பிட்டுக்கோங்க. வரைஞ்ச படத்தோட ஒரு காப்பிய அவர் கையில குடுங்க, என்னென்ன பேப்பர் குடுத்தீங்கன்னு அன்னைக்கே ஒரு மெயில் போட்டுடுங்க. பழைய சேதம் இருந்தா மறைக்காம சொல்லிடுங்க, ஒண்ணு பொய்யின்னு தெரிஞ்சா மத்த எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க.

தொகை குறைவா வந்தா சர்வே ரிப்போர்ட் காப்பி கேட்டு எழுதுங்க, எந்த ஐட்டத்துல எவ்வளவு கழிச்சிருக்காங்கன்னு அதுல இருக்கும். முழு திருப்தின்னு போட்டிருக்கிற வவுச்சர்ல படிக்காம கையெழுத்து போடாதீங்க. முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு பிரிவுக்கு எழுதுங்க, ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ பதில் ஒத்துக்கிற மாதிரி இல்லைன்னாலோ இன்சூரன்ஸ் புகார விசாரிச்சு தீர்த்து வைக்கிற, சென்னையில இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் கிட்ட போகலாம், அதுக்கு ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம், நீங்க நம்பர் போட்டு வச்ச அதே போட்டோவும் படமும்தான் அங்கயும் குடுக்கணும்.