சேன்-மாலோவில் ஒரு நாள்: கடல் அட்டவணையைப் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள்

பிரான்சின் பிரிட்டனிக் கரையிலுள்ள சேன்-மாலோவைச் சுற்றிப் பார்க்க ஒரு பகல் போதும். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்பதைக் கடல்தான் முடிவு செய்யும். எதிரேயுள்ள தீவுகளுக்குக் கடல் வற்றும்போது தெரியும் பாதையில்தான் நடந்து போக முடியும். ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) பெரிதாக இருக்கும் நாட்களில் இங்கே கடல் மட்டம் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். சென்னையில் அது ஒரு மீட்டர் அளவுதான். அதனால் அட்டவணை பார்க்கும் பழக்கமே நமக்குக் கிடையாது.

படி 1: அட்டவணை

ஷோம் என்ற பிரெஞ்சு அரசு நிறுவனத்தின் இணையதளம் போதும், தனிச் செயலி எதுவும் வேண்டாம். புதிதாகப் போகிறவர்கள் சறுக்குவது மூன்று இடங்களில்.

அட்டவணையில் 'PM' என்றிருந்தால் அது பிற்பகல் அல்ல. 'ப்ளேன் மேர்', அதாவது கடல் நிறைந்திருக்கும் நேரம். உங்களுக்கு வேண்டியது 'பாஸ் மேர்' என்பதன் சுருக்கமான 'BM'. கடல் வற்றியிருக்கும் நேரம். பிரெஞ்சுக்காரர்கள் 24 மணிக் கணக்கில் எழுதுவார்கள் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் தீரும்.

இரண்டாவது, கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும் கோடைகால நேரம். அச்சிட்ட சில அட்டவணைகள் ஆண்டு முழுவதும் குளிர்கால நேரத்திலேயே இருக்கும். கோடையில் ஒரு மணி கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் சீக்கிரம் போய்க் காத்திருப்பீர்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே திருத்திய அட்டவணையில் இன்னொரு மணியைக் கூட்டினால்தான் ஆபத்து. திரும்பும்போது பாதை தண்ணீருக்குள் போயிருக்கும்.

மூன்றாவது, 20 முதல் 120 வரை போகும் 'கோஎஃபிசியான்' என்ற எண். பெரிதாக இருந்தால் கடல் வெகுதூரம் வற்றும். சிறிதாக இருந்தால் பாதை திறந்திருக்கும் நேரமும் சுருங்கும்.

படி 2: ரயிலும் வாசலும்

பாரிஸ் மோன்பர்னாசிலிருந்து நேரடி டிஜிவி (அதிவேக ரயில்) சுமார் இரண்டேகால் மணி நேரம். இல்லையென்றால் ரென்னில் மாறலாம். நிலையத்திலிருந்து மதில் சூழ்ந்த பழைய நகரின் சேன்-வேன்சான் வாசலுக்கு 20 நிமிட நடை.

படி 3: கிரான் பே தீவு

வற்றும் நேரம் 11:00 என்றால் 9:30க்கு இறங்குங்கள், 12:30க்குள் கரையேறிவிடுங்கள். கிளம்பும்போதே போனில் அலாரம் வையுங்கள். போன்-சிகூர் கடற்கரையிலிருந்து கல் பாவிய பாதை போகும். பாசி படிந்த கற்கள் வழுக்கும். தோல் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ரப்பர் அடிப்பாகம் வேண்டும். உச்சியில் கடலைப் பார்த்தபடி எழுத்தாளர் ஷதோப்ரியானின் கல்லறை, 1848இல் இறந்தவர். கல்லிலே பெயர் இல்லை, ஒரு கிரானைட் சிலுவை மட்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஓதம் சீராக ஏறாது. ஆறு மணி நேரத்தை ஆறாகப் பிரித்தால், மொத்த உயரத்தில் பன்னிரண்டில் 1, 2, 3, 3, 2, 1 பங்கு என ஏறும். 12 மீட்டர் நாளில் நடு இரண்டு மணி நேரமும் மணிக்கு 3 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர். முழங்கால் ஆழம் இடுப்பளவாக ஏழெட்டு நிமிடம் போதும். மாட்டிக்கொண்டால் தண்ணீரில் இறங்காதீர்கள். தீவிலேயே உட்கார்ந்து அடுத்த வற்றுக்குக் காத்திருங்கள்.

படி 4: சாப்பாடு

பல சமையலறைகள் மதியம் 2 மணிக்கு மூடிவிடும். வற்று 2 மணிக்கு என்றால் 12க்கே சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். பக்வீட் (கோதுமை அல்லாத ஒரு தானியம்) மாவில் சுடும் 'கலெத்'தான் இங்கே சாப்பாடு, 'க்ரேப்' இனிப்பு. 'கொம்ப்லேத்' என்றால் முட்டை, சீஸ், பன்றி இறைச்சி மூன்றும் வரும். முட்டை சாப்பிடும் சைவர்கள் 'சான் ஷாம்போன்' (பன்றி இறைச்சி இல்லாமல்) என்று சொல்லிவிடுங்கள்.

படி 5: மதில்

மதில்மேல் ஒரு சுற்று 2 கிலோமீட்டருக்குள், கட்டணமில்லை. உள்ளே தெரியும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை 1944 குண்டுவீச்சுக்குப் பிறகு மறுபடி கட்டியவை. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே பிறந்த ஊரும் இதுதான்.

பின்சேர்க்கை: பெத்தி பே கோட்டைக்கும் நடக்கலாமா என்று கேட்கிறார்கள். கிரான் பேயைத் தாண்டி இன்னொரு பாதை அது. இரண்டையும் திரும்பக் கடக்க வேண்டும். கோஎஃபிசியான் சிறிதாக இருக்கும் நாளில் அதை விட்டுவிடுங்கள். கடல் வற்றும்போது நடந்து போகும் இன்னொரு கோட்டையான நாசியோனல் கோட்டைக்கு இந்தக் கணக்கே வேண்டாம்: மேலே பிரெஞ்சுக் கொடி பறந்தால் திறந்திருக்கிறது.